டிக்கியில் ஒரு சத்தம்

பொட்டியை முன்சீட்டுல வெக்கச் சொன்னேன்னு கோவிச்சுக்காதீங்க்கா. டிக்கியில எடமில்லீங்க. தொறந்து காட்டுனப்ப நீங்களே பாத்தீங்கல்ல, எத்தாப் பெரிய மரப்பொட்டி, அதுல சோத்து வட்டல் அகலத்துக்கு ரெண்டு ஸ்பீக்கரு. சப்வூஃபருன்னு சொல்றது. பக்கத்துல கறுப்பாத் தகரப்பொட்டியாட்ட ஒண்ணு கிடந்துதுல்லீங்க, அதுதான் ஆம்பு. முன்னாடி செட்டுல இருந்து வர்ற பாட்டை ஆம்பு வாங்கிப் பெருசு பண்ணி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இதெல்லாம் இப்பத்தான் எனக்குத் தெரியுது. முன்னெல்லாம் எனக்கு ரிவர்ஸ் கியரு எங்க இருக்குன்னே தெரியாதுங்க.

ஏர்ப்போர்ட்டுக்கு நெம்ப நேரமிருக்கு. புளியம்பட்டி தாண்டி அன்னூரு போயிட்டா ரோடு நல்லாருக்கும். ஏசி போதுங்களா?

கழட்டிப்போட வேண்டியதுதானேன்னு கேட்டீங்க. ஏறுற எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. கழட்டறதுன்னா அரை மணி நேர வேலைதானாம். ஆனா அது எங்கூட்டுக்காரரு வெச்சதுங்க. கனகராஜ்னு பேரு. புளியம்பட்டி ஸ்டாண்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இந்தக் காரு அவரு ஓட்டுனதுதான். நல்ல மனுசருங்க்கா. குடிக்க மாட்டாரு. ஒரு நாளும் என்ற மேல கை வெச்சதில்ல. பாட்டுத்தான் அவருக்கு எல்லாமே. பாட்டுன்னா வரி, ராகம் அதெல்லாம் இல்லீங்க. அடி. அந்த தும் தும்முங்கற அடி நெஞ்சுல வந்து குத்தோணும். குத்தலீன்னா அதென்ன பாட்டும்பாரு.

குடும்பத்தோட எங்காச்சும் போனா நான் பின்சீட்டு. சத்தம் நேரா முதுகுல அடிக்கும். எங்க பொண்ணு கௌசிகா சின்னப்புள்ளயில காதைப் பொத்திக்கிட்டு என்ற மடியில கவுந்து படுத்துக்குவா. நான் ஏதாச்சும் சொன்னா அவருக்குக் கேக்காது. ரெண்டாவது தடவை சொன்னா சத்தத்தை இன்னங்கொஞ்சம் ஏத்துவாரு. சிரிச்சுக்கிட்டேதான் ஏத்துவாரு. வெளையாட்டுக் குணம் அவருக்கு. அப்பறம் நானும் சொல்றதை உட்டுட்டேன்.

பொழுதோட அவரு வர்றது தெருமுக்குலயே தெரிஞ்சுரும். செவுத்துல மாட்டியிருக்கற கரண்டியெல்லாம் கிணுகிணுன்னு ஆடும். ஆடுன ஒடனே நான் தோசைக்கல்லை அடுப்புல ஏத்திருவேன். கௌசிகா டிவியை அணைச்சுப்போட்டுப் புஸ்தகத்தை எடுத்து வெச்சுக்குவா. எங்க வீட்டுக்குப் பெல்லே வேண்டியதில்லீங்க. வாசல்ல நிறுத்தி, ஓடிட்டிருக்கற பாட்டு முடியற வரைக்கும் உள்ளயேதான் உக்காந்திருப்பாரு. தலையைப் பின்னால சாச்சுக் கண்ணை மூடிக்குவாரு. அந்நேரத்துல போயிக் கூப்பிட்டா அவருக்குப் புடிக்காது. கல்யாணமான புதுசுல ஒருக்கா கண்ணாடியத் தட்டிக் கூப்பிட்டேன். திட்டலீங்க, அடிக்கலீங்க. பேசல, அவ்வளவுதான். எத்தனை நாளுன்னு இப்ப ஞாபகமில்ல, ஒரு அமாவாசையும் போயி நோம்பியும் போச்சு. அதுக்கப்பறம் நான் கூப்பிட்டதே இல்ல. ஒரு மனுசன் நிம்மதியா இருக்கறப்ப நாம எதுக்குங்க தொந்தரவு பண்ணோணும்.

இந்த செட்டை மொதல்ல மாட்டிக் குடுத்தது ஜெரால்டுன்னு ஒருத்தரு. கவுண்டம்பாளையத்துல கார் ஆடியோ கடை வெச்சிருக்காரு. எல்லாம் முறையாத்தான் மாட்டியிருக்காரு. ஆனா ஸ்டாண்டுல இன்னொருத்தரு காரு இதைவிட அதிகமா அடிச்சிருக்குது. இவருக்குத் தாங்கலீங்க. திரும்ப ஜெரால்டுகிட்டப் போயி, இதே ஆம்புல இன்னம் சத்தம் வரோணும், வயரை மாத்திக் கோத்துக் குடுன்னு கேட்டாரு. ஜெரால்டு முடியாதுன்னுட்டாரு. அப்படிக் கோத்தா ஆம்பு தாங்காது, ஒரு நாளைக்குத் தீப்புடிச்சுக்கும்னு சொன்னாராம். இவரு சண்டை போட்டுட்டு வந்துட்டாரு. இனி அந்தக் கடைப்பக்கம் நம்ம வீட்டு ஆளு யாரும் போகக்கூடாதுன்னும் சொல்லிப்போட்டாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை தெருவுலயே வண்டிய நிறுத்தி, டிக்கிக்குள்ள தலையை உட்டு, தானே கோத்தாருங்க. மத்தியானச் சோறுகூட உங்கல. முடிச்சுட்டு சாவியப் போட்டாரு பாருங்க, எதுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடங்குது. அன்னைக்கு அவரு மூஞ்சியில இருந்த சந்தோசத்தை நான் கௌசிகா பொறந்தப்பகூடப் பாக்கலீங்க.

ஆனா அன்னையில இருந்து பாட்டு நடுநடுவுல நின்னுரும். சித்தெ நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்பறம் 'தும்'னு ஒரே ஒரு அடி. அடிச்சதும் பாட்டு வந்துரும். அதுவும் மூச்சு வாங்கோணும்லன்னு சிரிப்பாரு.

இதாங்க புளியம்பட்டி. அந்தச் சந்துல நாலாவது வீடு எங்களது. கதவு பூட்டியிருக்கும், கௌசிகா காலேசு போயிருப்பா.

ஆடி மாசம். அன்னைக்கும் பொழுதோட கரண்டி ஆடுச்சு. கல்லை வெச்சேன். வாசல்ல வண்டி நின்னுது. பாட்டு ஓடுது. ஒரு தோசையை எடுத்து வெச்சேன். பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு ஆரம்பிச்சுது. சரி, இன்னைக்குப் புடிச்ச பாட்டா வருதாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம் அது நின்னு போச்சு. ஒண்ணுமே கேக்கல. அப்பறம் 'தும்'. பாட்டு வரல. இன்னொரு தும். அதுக்கு மேலயே இன்னொண்ணு. தும், தும். வெறும் அடி. கௌசிகா புஸ்தகத்துல இருந்து தலையைத் தூக்கி, "அம்மா, போயிப் பாரு"ன்னா. பாட்டு முடியட்டும் கண்ணுன்னு சொன்னேன். பாட்டே ஓடலியேம்மான்னா. நான் தண்ணி மோந்து வெச்சேன், தட்டத்தைத் தொடைச்சு வெச்சேன். ஊத்துன தோசை ஆறிப்போச்சுன்னு அதை எனக்கு எடுத்து வெச்சுட்டு அவருக்குச் சூடா இன்னொண்ணு ஊத்துனேன்.

பக்கத்து வீட்டு சாமியாத்தாதான் வந்து கதவத் தட்டுனாங்க. உங்கூட்டுக்காரரு ஸ்டீரிங்கு மேல சாஞ்சு கிடக்காருன்னாங்க.

ஒரு கை தொங்கிட்டு இருந்துச்சு. ஒரு கை செட்டு மேல இருந்துச்சுங்க்கா. அந்தத் திருகற குமிழு மேல.

ஆஸ்பத்திரியில டாக்டரு நெஞ்சு வலின்னு என்னமோ சொன்னாரு. 'சித்தெ முன்னால கொண்டாந்திருந்தா'ன்னு ஆரம்பிச்சாரு. எனக்கு அப்ப எதுவும் காதுல ஏறல. கௌசிகாவுக்கு ஏறிடுச்சு.

கருமாதி முடிஞ்சதும் கொழுந்தனாரு காரை வித்துரலாம்னாரு. நான் ஓட்டறேன்னேன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எனக்கே எப்படிச் சொன்னேன்னு தெரியல. டிரைவிங் ஸ்கூலுல சேந்து கத்துக்கிட்டு, டாக்சி ஓட்டறதுக்கு வேண்டிய பேட்ஜும் வாங்கிட்டு வந்து, சாமி கும்புட்டு, மொத மொதலா இந்தச் சீட்டுல உக்காந்து சாவியைத் திருகுனேன். பின்னாடி 'தும்'.

பாட்டுச் செட்டை நான் தொடவே இல்லீங்க. அவரு சாவியோடயே ஆம்புக்குக் கரண்டு போறாப்ல கோத்து வெச்சிருந்திருக்காரு, அது எனக்கு அப்பத் தெரியாது. வண்டி ஓடும், ஒண்ணும் இருக்காது, நாம மறந்திருப்போம், திடீர்னு முதுகுக்குப் பின்னால ஒரு தும். கியரு தப்பாப் போட்டா ஒரு தும். சில நாளு ஒண்ணுமே வராது, அந்த நாளுதான் பயமா இருக்கும். என்ன தப்புப் பண்ணுனோம், பேசாம இருக்காரேன்னு இருக்கும்.

நான் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேங்க்கா. தும்முன்னா, "சரிங்க"ம்பேன். வேகமாப் போறப்ப வந்துதுன்னா, "சரிங்க, கொறைச்சுக்கறேன்"ம்பேன். பின்னாடி உக்காந்திருக்கறவங்க தங்களத்தான் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு, நாங்க ஒண்ணும் சொல்லலியேம்மாம்பாங்க. ஒருக்கா கோபி ரோட்டுல திரும்பப் போனேன், அடிச்சுது. திரும்பாம நேராப் போயிட்டேன். சுத்து வழி. ஏறியிருந்தவரு என்னம்மா பைத்தியமான்னு கேட்டாரு. வழி எங்கூட்டுக்காரரு சொல்றாருன்னு எப்படிச் சொல்றது.

கௌசிகா ஒரே ஒரு நாளு இதுல ஏறுனா. அந்தச் சத்தம் கேட்டுச்சு. நடுரோட்டுல நிறுத்தச் சொல்லி எறங்கிட்டா. அப்பறம் எங்க போனாலும் பஸ்ஸுதான்.

தை மாசம், ஒரு குடும்பத்தை பண்ணாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கைக்கொழந்தையோட. சத்தியமங்கலம் தாண்டுனதும் நாத்தம் வந்துச்சு. ரப்பரு கருகற நாத்தம். வெளியில எங்கயோ டயரு எரிக்கறாங்கன்னு நெனச்சேன். பின்னாடி தும், தும்முன்னு விடாம அடிக்குது. நான் சரிங்க சரிங்கன்னுட்டே ஓட்டறேன். அந்தப் புள்ளயோட அம்மா, பொகை, பொகைன்னு கத்துனதுக்கப்பறம்தான் கண்ணாடியில பாத்தேன். அவங்க சீட்டுக்குப் பின்னால இருந்து நூலாட்டப் பொகை வருது.

நிறுத்துனேன். கொழந்தையைத் தூக்கிட்டு ஓடுனாங்க. வேற வண்டி புடிச்சுப் போயிட்டாங்க. போறப்ப அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்குதே, நான் அவங்க புள்ளைக்குக் கொள்ளி வெக்க வந்தவளாட்டம். டிக்கியத் தொறந்தேன். ஆம்புல சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குங்குது. அவருக்கு என்ன கோவமோன்னு கைய வெச்சுத் தொட்டுட்டேன். இந்தாங்க, உள்ளங்கையில பாருங்க, அந்தத் தழும்புதான்.

அதுக்கப்பறம்தான் ஜெரால்டு கடைக்குப் போனேன். எங்கூட்டுக்காரரு போகக்கூடாதுன்ன கடை. ரெண்டு தடவை கடையைத் தாண்டிப் போயித் திரும்பி வந்தேன். காரைப் பாத்ததுமே ஜெரால்டு அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாரு. கனகராஜ் அண்ணன் வரலீங்களான்னு கேட்டாரு. அவருக்கு விசயம் தெரிஞ்சிருக்கல.

வயரை எல்லாம் கழட்டிப் போட்டு, மீட்டரை வெச்சுப் பாத்துட்டு, ஒரு ஓமுங்க்கான்னாரு. நான் என்னமோ மந்திரம்னு நெனச்சேன். கரண்டை ஸ்பீக்கரு எவ்வளவு தடுத்து நிறுத்துதோ அந்தக் கணக்குக்குப் பேரு ஓமாம். ரெண்டு ஸ்பீக்கருலயும் ரெண்டு ரெண்டு கம்பிச்சுருளு, ஒவ்வொண்ணும் நாலு ஓம். நாலையும் பக்கம் பக்கமாக் கோத்தா தடை நாலுல ஒரு பங்காக் கொறைஞ்சு ஒரு ஓமுக்கு வந்துருது. இந்த ஆம்பு ரெண்டு ஓமு வரைக்கும்தான் தாங்கும்னு அதும் மேலயே அச்சடிச்சிருக்காங்க. தடுக்கறதுக்கு ஆளில்லீன்னா ஆம்பு தன்ற சக்திக்கு மேல அள்ளி அள்ளிக் குடுத்துட்டே இருக்குமாம். சூடேறும். தாங்க முடியாம அதுவே அணைஞ்சுக்கும். ஆறுனதும் திரும்ப எந்திரிக்கும். எந்திரிக்கறப்பத்தான் அந்த தும். அப்படியே வெந்து வெந்து இப்பப் பாட்டே போடாட்டியும் அணையறதும் எந்திரிக்கறதுமா இருக்குதுன்னாரு. பியூசு இருக்கற எடத்துல பியூசுக்குப் பதிலா ஒரு கம்பியை முறுக்கி வெச்சிருந்தாரு எங்கூட்டுக்காரரு. அதையும் எடுத்துக் காட்டுனாரு. சீட்டுக்கு அடியில வயரு தோலு உருகி வெறுங்கம்பி தெரியுது.

வாயைத் தொறந்து முடியாதுன்னு சொல்லத் தெரியாத சாமானுன்னு, அந்த ஆம்பைப் பாத்தாப் பாவமா இருந்துச்சுங்க எனக்கு.

அப்பத்தான் கேட்டேன். யாருகிட்டயும் கேக்காததை. அன்னைக்கு நடந்ததைச் சொல்லிட்டுக் கேட்டேன். அந்த தும், தானா வந்திருக்குமா, இல்ல யாராச்சும் செட்டைத் தொட்டதுல வந்திருக்குமா?

"தொட்டாலும் வருங்க்கா"ன்னாரு. "அண்ணன் கோத்திருந்த மாதிரிக்கு, செட்டை அணைச்சுப் போட்டாலும் தும்முன்னுதான் கேக்கும்."

அடுத்தடுத்துக் கேட்டுச்சுங்களேன்னேன். சூடாறிட்டு வர்றதா இருந்தா நடுவுல நேரமாகும்லன்னு கேட்டேன்.

அவரு மீட்டரு வயரு முனையை ஒரு துணியில தொடைச்சாரு. ஒண்ணத் தொடைச்சுட்டு இன்னொண்ணத் தொடைச்சாரு. என்ற மூஞ்சியைப் பாத்தாரு.

"மெசினுதாங்க்கா. வெந்த ஆம்பு எப்படி வேணா அடிக்கும். அண்ணன் உங்களைக் கூப்பிடல."

நான் கூப்பிட்டாருன்னே சொல்லலீங்க. அவராத்தான் அந்த வார்த்தையைச் சொன்னாரு. தொழில் தெரிஞ்ச மனுசன், என்கிட்டப் பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போவுது? மெசினுன்னா மெசினுதான்.

கழட்டிரட்டுங்களான்னு கேட்டாரு. வேண்டாம், சரி பண்ணுங்கன்னேன். அப்படித்தான் சொல்ல வந்துச்சு. ஒவ்வொரு ஸ்பீக்கருலயும் ரெண்டு சுருளையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாக் கோத்தாரு, எட்டு ஓமு. அந்த ரெண்டு எட்டையும் பக்கம் பக்கமாச் சேத்தாரு, நாலு ஓமு. மீட்டரை என்ற கையில குடுத்துப் பாக்கச் சொன்னாரு. ஆம்பைப் பிரிச்சு வெந்த பாகத்தை மாத்துனாரு. புது வயரு, புது பியூசு. செட்டைப் போட்டாத்தான் ஆம்பு எந்திரிக்கறாப்ல பண்ணிட்டாரு. மெதுவா ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுனாரு. அடி இருந்துச்சு, ஆனா குத்தல. இதே கோப்புத்தான் நான் அண்ணனுக்கு மொதல்ல பண்ணிக் குடுத்ததுன்னாரு.

கௌசிகாகிட்ட ஓடிப்போயிச் சொன்னேங்க. அவ மனசுலயும் அது கிடந்து உறுத்துமேன்னு. மெசினாம் கண்ணு, அப்பா இல்லியாம், ஜெரால்டு மீட்டரு வெச்சே பாத்துட்டாருன்னு. அவ துணி மடிச்சுட்டிருந்தா. மடிச்சதை வெச்சுட்டுச் சொன்னா:

"மெசினோ அப்பாவோ, நீ போயிருக்க மாட்டேம்மா. அவரு வாய் விட்டுக் கூப்பிட்டிருந்தாக்கூட, பாட்டு முடிஞ்சுதான்னு பாத்துட்டுத்தான் போயிருப்ப. உன்னைய அப்படிப் பழக்கி வெச்சிருந்தாரு. அவரைக் கொன்னது அதுதான்."

பெத்த அப்பனைப் பத்திப் பேசற பேச்சாங்க அது? காலேசுல படிக்கற புள்ளைக, எதை எடுத்தாலும் பெருசாப் பேசும். அடுப்புல சோறு இருந்துச்சு, போயிட்டேன்.

ஜெரால்டு கடையில இருந்து வீட்டுக்கு வந்த அந்த மொத நாளு இருக்குதுங்களே. கோவில்பாளையம் வந்தேன், ஒண்ணும் இல்ல. அன்னூரு வந்தேன், ஒண்ணும் இல்ல. இஞ்சின் சத்தம், காத்துச் சத்தம், அவ்வளவுதான். காது ரெண்டும் பின்னாடியே இருக்குது. வேணும்னே கியரைத் தப்பாப் போட்டுப் பாத்தேன். ஓரமா நிறுத்தி எறங்கி டிக்கியத் தொறந்து பாத்தேன். எல்லாம் வெச்சது வெச்சபடி இருந்துச்சு. கைய வெச்சேன், சில்லுன்னு இருந்துச்சு ஆம்பு. ரோட்டோரமா நின்னுட்டு அழுதேங்க்கா. கருமாதியிலகூட நான் அப்படி அழல. லாரிக்காரரு ஒருத்தரு நிறுத்தி, வண்டி ரிப்பேராம்மான்னு கேட்டாரு. இல்லீங்கண்ணா, சரியாயிடுச்சுன்னேன்.

மறுபடி ஏறி உக்காந்ததும் பேச ஆரம்பிச்சேன். இப்ப மூணாவது கியரு போடறேன், இப்ப பஸ்ஸுக்கு வழி உடறேன்னு. ஆளு ஏறுனா அவங்ககிட்டப் பேசறது. ஊருல கேட்டீங்கன்னா, வளர்மதியா, அவளுக்கு வாயே கிடையாதேம்பாங்க. இந்தக் காருக்குள்ள இத்தனை வருசத்துல நான் பேசி ஒருத்தரும் கேட்டதில்லீங்க. இப்ப நிறுத்த முடியறதில்ல. நிறுத்துனா சித்தெ நேரத்துல காது தானாப் பின்னாடி போயிருது. மெசினு ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியும். நாலு ஓமுன்னு என்ற கண்ணுலயே பாத்துட்டேன். இருந்தாலும் போகுது.

வந்தாச்சுங்க. அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிறுத்தறேன், உங்களுக்கு நடை கொறையும். பையை மறந்துறாதீங்க. முன்சீட்டுப் பொட்டிய நான் எறக்கித் தர்றேன். இல்லீங்க, கனமெல்லாம் இல்ல, இருக்கட்டும். ஊருக்குப் போயிச் சேந்ததும் வீட்டுல ஒரு போனு போட்டுச் சொல்லிருங்க, எதிர்பாத்துட்டிருப்பாங்க.

கதவை மட்டும் மெதுவாச் சாத்துங்க்கா. ஓங்கிச் சாத்துனா அந்த மரப்பொட்டி உள்ளுக்குள்ள அதிருது. ஜெரால்டுகிட்டப் போனா அதுக்கும் ஒரு காரணம் சொல்லுவாரு. நான் கேக்கல.